திணை விருந்தும் அயற்புட்டியும்

பெருநகர்களிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழும் தமிழருள் வளம் மிக்கார் சிலரிடையே புதியதொரு விருந்துமுறை பரவி வருகின்றது. நண்பர் அறுவரையோ எண்மரையோ மாலையில் மனைக்கு அழைப்பது. உணவை ஒருங்கே படைக்காமல் ஐந்தாறு தட்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாகக் கொணர்வது. ஒவ்வொரு தட்டிற்கும் அவ்வுணவு பிறந்த நிலத்தின் கொடிமுந்திரித் தேறலை ஒரு கிண்ணம் ஊற்றுவது. உண்பதும் பேசுவதும் தமிழராயினும் விருந்தின் பெயர் மட்டும் ‘ஒயின் டின்னர்’. தமிழில் சொன்னால் தேறலின் சுவை கெட்டுவிடும் என்று அஞ்சுகின்றனர் போலும். விடுமுறைக்கு ஊர் வருவோர் வழியே புதுக்கோட்டை போன்ற உள்நாட்டு ஊர்களிலும் இம்முறை தலைகாட்டாமல் இல்லை.

நிலத்திற்கேற்ற உணவு, உணவிற்கேற்ற குடி என்னும் கருத்தைப் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. அது மிக நல்ல கருத்து. அதனைப் பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்து உலகிற்கு ஈந்தனர் என்று தமிழர் நம்புவதும், நம்பித் தலைவணங்குவதுமே நோய்.

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணிச் சொல்கின்றார். தெய்வத்தை முதலில் வைக்கின்றார். அதற்கு அடுத்து அவர் வைப்பது உணவு. மாவும் மரமும் புள்ளும் பறையும் தொழிலும் யாழும் அதன்பின்னரே வருகின்றன. உணவு நிலத்திற்கு உரியது என்பதைச் சமையல் நூலில் அன்று, இலக்கண நூலிலேயே எழுதி வைத்த இனம் இது. பிரெஞ்சு அரசு இன்ன நிலத்தில் விளைந்த தேறலுக்கே இன்ன பெயர் என்று சட்டமுறை வகுத்தது 1935-ஆம் ஆண்டில். அதனை அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றனர், சொல்லிக்கொள்ளட்டும். ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகளைக் கொணரும் முறையோ அவர்களுக்கே இரவற்பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருசியத் தூதர் குராகின் என்பாரே அதனைப் பாரிசு நகரில் புகுத்தினார் என்பர். அதற்குமுன் அவர்தம் அரண்மனை விருந்துகளில் எல்லா உணவும் மேசைமேல் ஒரே நேரத்தில் பரப்பப்பட்டு ஆறிக்கிடந்தன. தமிழரின் வாழையிலையில் பருப்பும் நெய்யும் முதற்கண், குழம்பு அடுத்து, மிளகுசாறு அதற்கடுத்து, மோர் இறுதியில் என்று சோறு ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து விழும் ஒழுங்கினைத் ‘தட்டு வரிசை’ என்று யாரும் பெயரிட்டு விற்கவில்லை. அதனால் அதற்கு விலையும் இல்லாமற் போயிற்று.

திணைதோறும் உணவும் குடியும் இணைந்து வரும் நெறியைக் காண விரும்புவோர் பெரும்பாணாற்றுப்படையைத் திறக்கவேண்டும். தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் பாணன் வழியில் எந்தெந்த மனையில் என்னென்ன பெறுவான் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் அடுக்குகின்றார். அது ஒரு வழிநடைப் பாட்டாயினும், ஒருவகையில் அதுவே நாடு முழுதும் பரப்பி வைத்த விருந்து. ஆயர் குடியில் தினைச்சோறு, அதனோடு பால். உழவர் மனையில் வெண்சோறும் மனைக்கோழிப் பொரியலும். அப்பால் ஆலைக்கொட்டிலில் கரும்பின் இன்சாறு. தோப்புக்குடிகளிடம் பலாச்சுளை, இளநீர், வாழைப்பழம், நுங்கு. வலைஞர் குடியிருப்பில் சுட்ட மீன். அதனோடு நெல்லரிசியில் விளைந்த நறும்பிழி.

இந்நறும்பிழியை ஆக்கும் முறையைப் புலவர் சொல்லிச் செல்லும் நுட்பம் வியப்பூட்டுவது. தீட்டாத அரிசியைக் கூழாகத் துழாவி, வாயகன்ற தட்டுப்பிழாவில் ஊற்றி ஆற்றவேண்டும். கரையான் புற்றின் உட்சோற்றைப் போன்ற நல்லடையை அதில் அளாவவேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவேண்டும். பின்னர் வலிய வாயையுடைய சாடியில் இளமைநாற்றம் நீங்க முதிரவிட்டு, விரலால் அலைத்து வடிக்கவேண்டும். நொதிக்க வைக்கும் பொருள் எது, அது எவ்வாறு தோன்றும், எத்துணைப் பொழுது ஆகும் என்பவற்றையெல்லாம் பாட்டிலே வைத்துப் பாடியவர், அடுக்களைப் புறத்திலே நின்று பார்த்தவராகத்தான் இருத்தல் வேண்டும். அக் குடிக்கு மீன்சூட்டைத் துணையாக வைத்தவரும் அவரே. உலுவார் ஆற்றின் முகத்துவாரத்தில் விளையும் வெண்டேறலோடு கடற்சிப்பியை உண்பதே பொருத்தம் என்று இன்று பிரெஞ்சுக்காரன் சொல்வதைக் கேட்டு வாய்பிளப்போர், நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் மனையைப் பார்க்கட்டும். அங்கே நுளைமகள் அரித்துத் தரும் பழந்தேறலும் உலர்ந்த குழல்மீன் சூடும் ஒன்றாகவே கிடைக்கின்றன. பழந்தேறல் என்றமை காண்க. புதியது அன்று, வைத்து முதிர்ந்தது.

மலைக்குப் போனால் குடியும் மாறுகின்றது. மலைபடுகடாத்தில் தேனால் ஆகிய தேறல் மூங்கிற் குழாயினுள் முதிர்கின்றது. பொருநராற்றுப்படையிலோ நிலம்விட்டு நிலம் பண்டம் மாறுகின்றது. தேனையும் கிழங்கையும் கொணர்ந்தவர் மீன்நெய்யையும் நறவையும் கொண்டு செல்கின்றனர். கரும்பையும் அவலையும் கொணர்ந்தவர் மான்தசையையும் கள்ளையும் கொண்டு செல்கின்றனர்.

சொற்களைப் பாருங்கள். தெளிந்து தேறியது தேறல். அரித்து வடித்தது அரியல். பிழிந்தது பிழி. மணத்தால் பெயர்பெற்றது நறவு. நெல்லில் ஆக்கியது தோப்பி. தேனிலிருந்து வந்தது தேக்கள். மட்டு, வேரி என இன்னும் உள. ஒவ்வொரு சொல்லும் அது செய்யப்பட்ட முறையையோ அதன் தன்மையையோ தன் உடம்பிலேயே தாங்கி நிற்கின்றது. இத்தனைக்கும் இன்று தமிழன் வாயில் எஞ்சியிருப்பவை இரண்டு: ‘கள்’ என்னும் வசைச்சொல் ஒன்று, ‘சரக்கு’ என்னும் கடைத்தெருச் சொல் மற்றொன்று.

புதுக்கோட்டை மாவட்டத்தார் இதற்காகத் தொண்டை நாட்டிற்கோ செங்கத்து மலைக்கோ போகவேண்டியதும் இல்லை. பொன்னமராவதிக்கு அண்மையில், இன்றைய சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் நிற்கும் பிரான்மலையே பாரியின் பறம்பு என்பர். மூவேந்தர் முற்றுகை இட்டபோதும் அப்பறம்பு பசியறியாது என்றார் கபிலர். உழவர் உழாமலே அங்கு விளைவன நான்கு: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். பிறிதொரு புறப்பாட்டில் அப்பறம்பு நாட்டின் வரகும் தினையும் எள்ளும் அவரையும் அறுவடையாகும் பொழுதினைக் காட்டுகின்றார். அப்போது நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறல் புல்வேய்ந்த குடில்தோறும் பகிரப்படுகின்றது, நறுநெய்யில் கடலை துள்ளுகின்றது, சோறு ஆக்கப்படுகின்றது. நிலவறையில் வைத்து முதிர்வித்த குடியை வறுத்த கடலையோடு உண்ணும் முறை பறம்பின் புல்வேய் குடிலில் இருந்தது. அரசன் மாளிகையில் மட்டும் அன்று, குடிதோறும் என்கின்றார் புலவர். அக்குடிதோறும் என்னும் செய்தியை மனங்கொள்ளவேண்டும்.

அயற்றேறல் அக்காலத்தும் வந்தது; மறைக்கவேண்டியதில்லை. நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கலத்தில் கொணர்ந்த நறுந்தேறலை மகளிர் பொன்வட்டிலில் ஏந்திக் கொடுக்க உண்டு மகிழ்க என்றார். அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தபோது இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன. அவற்றுள் தேறல் கொணர்ந்தனவும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் கருக்காக்குறிச்சியில் 1898-இல் உரோமரின் பொற்காசுகள் 501 ஒருங்கே கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசன் தலைமேல் உளியால் வெட்டிய வடு உள்ளது. அயலான் காசைப் பொன்னாக ஏற்போம், அவன் தலைக்கு இங்கு மதிப்பில்லை என்று வெட்டினர் போலும் என்று எண்ணத் தோன்றுகின்றது. அதுநிற்க. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடற் பயணநூல், முசிறிக்கு இறக்குமதியாகும் பண்டங்களுள் தேறலையும் குறிக்கின்றது; ஆனால் ‘மிகுதியன்று’ என்று சேர்த்துச் சொல்கின்றது. முசிறியில் ஏற்றிச்செல்ல மிளகு மலைபோற் குவிந்திருந்தது; இறக்க வந்த தேறலோ சிறிது. தத்தம் நிலத்துக் குடி உள்ள நாட்டார்க்கு அயற்றேறல் அரசனின் பொன்வட்டிலுக்கு அணியாக மட்டுமே இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். வள்ளுவர் கள்ளுண்ணாமை என்றொரு அதிகாரமே வகுத்தாரே, அவர் வழிவந்தோர் இவற்றைப் புகழலாமா என்பர். வள்ளுவர் சொன்னது சொன்னதே. அதில் வளைவு நெளிவு இல்லை. ஆனால் அதற்காகப் பாட்டையும் தொகையையும் வெள்ளையடிக்கத் துணிவோர் சிலர் உளர். சங்கப் பாட்டில் வரும் நறவெல்லாம் பழச்சாறே என்றும், தேறல் என்பது தேனே என்றும் வகுப்பறையில் உரைசொல்லித் தப்புகின்றனர். மாணாக்கர் அவ்வளவு மடையர் அல்லர். அதியமான் சிறிதளவு கள் கிடைத்தால் அதனைத் தனக்கென வையாது ஔவையார்க்கே கொடுத்தான். பெருமளவு கிடைத்தால் அவர் பாடத் தானும் உடனுண்டு மகிழ்ந்தான். அவன் இறந்தபின் ஔவையார் முதலில் நினைந்து அழுதது இதனைத்தான். இதனைப் பழச்சாறாக்கினால் அக் கண்ணீரையும் பொய்யாக்கவேண்டும். முன்னோர் குடித்தனர், பின்னோர் அதன் தீமை கண்டு விலக்கினர். இரண்டும் தமிழே. விலக்குவதற்கு வரலாற்றை அழிக்கவேண்டியதில்லை.

ஆனால் விலக்குவதாயின் முறையாக விலக்கவேண்டும். தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டிலிருந்து கள் இறக்குதல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டின் மரம் என்று அரசே அறிவித்த பனையில் ஏறிக் கள் இறக்குபவன் குற்றவாளி. 1983-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மாநில வாணிகக் கழகமோ 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்திப் புட்டிகளை விற்கின்றது. அப்புட்டிகளுக்கு அரசு இட்ட வகைப்பெயர் ‘இந்தியாவில் செய்யப்பட்ட அயல்நாட்டுக் குடி’ என்பது. இந்தியா அதில் இருக்கின்றது, அயல்நாடு அதில் இருக்கின்றது, தமிழ்நாடு மட்டும் இல்லை. அதற்கு நிலமும் இல்லை, திணையும் இல்லை. பெரும்பாலும் சருக்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிநீருக்கு வண்ணமும் மணமும் ஏற்றி, ஆங்கிலப் பெயர் ஒட்டி விற்பதே அது. கள் தீது என்பதற்காகக் கள்ளை விலக்கியவர், அதனினும் பன்மடங்கு கடுமையான இதனை விற்பது எவ்வகை அறம்? இரண்டையும் விலக்கினால் அது வள்ளுவம். ஒன்றை விலக்கி ஒன்றை விற்றால் அது வாணிகம்.

அண்டை நாட்டார் தம் நிலத்துக் குடியை இவ்வாறு நடத்தவில்லை. கோவாவினர் முந்திரிப் பழத்தில் வடிக்கும் பெனி என்னும் குடிக்கு 2009-இல் புவிசார் குறியீடு பெற்றனர். கேரளத்தில் ஒப்புதல் பெற்ற கள்ளுக்கடைகளில் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் கள்ளோடு சேர்த்தே படைக்கப்படுகின்றன. அவ்வுணவிற்காகவே தொலைவிலிருந்து வருவாரும் உளர். முந்திரித் தோட்டங்கள் பரந்து கிடக்கும் புதுக்கோட்டையில், ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் கொட்டையை வறுத்து விற்கின்றனர். பழம் பெரும்பாலும் மரத்தடியில் விழுந்து அழுகுகின்றது. கள்ளுக்கடை திறக்கவேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. தன் நிலத்து விளைவைக் குற்றமாகவும் அயற்பெயரை உயர்வாகவும் கருதும் மனநிலையே ஐந்து தட்டு விருந்திலும் வந்து அமர்கின்றது என்பதே கருத்து. கடைத்தெருவில் வாங்கினால் ‘சரக்கு’. அதனையே அயல்நாட்டு ஊர்ப்பெயர் சொல்லி மெல்லிய கிண்ணத்தில் ஊற்றினால் பண்பாடு!

விருந்தின் தரத்தை எதனால் அளப்பது என்பதைப் புதுக்கோட்டை மண்ணின் புலவர் ஒருவரே சொல்லியிருக்கின்றார். வெள்ளாற்றை ஒட்டிய கோனாட்டின் எறிச்சலூரைச் சேர்ந்தவர் மாடலன் மதுரைக் குமரனார். குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன் என்னும் சோழன் பரிசில் தரக் காலம் நீட்டித்தான். புலவர் அவன் முகத்திற்கு நேரேயே சொன்னார்: தேரும் குதிரையும் யானையும் உடைய வேந்தர் என்பதற்காக அவரை வியப்பதில்லை. முள்வேலி இட்ட கொல்லையில் ஆட்டுக்குட்டி மேய்ந்து விட்ட மிச்சத்தில் தளிர்த்த முஞ்ஞைக் கீரையைப் பறித்துச் சமைத்து, புன்செய் வரகுச் சோற்றோடு உண்ணும் சிற்றூர்த் தலைவனாயினும், வந்தவரின் தகுதி அறிந்து நடப்பவனாயின் அவனையே வியப்பது என்றார். உணர்வில்லாதவர் செல்வத்தை நினைப்பதே இல்லை என்றும் அப்பாட்டிலேயே கூறுகின்றார்.

இது வறுமையைப் புகழும் பாட்டன்று. அக் கீரைக்கும் சோற்றுக்கும் உள்ள பொருத்தத்தை நோக்குக. இரண்டும் மழை குறைந்த புன்செய் நிலத்தின் விளைவு. முஞ்ஞை, இன்று முன்னை எனப்படுவது, வேலியோரத்தில் தானே தழைப்பது; வரகு, வானம் பார்த்த நிலத்தில் குறைந்த ஈரத்தில் விளைவது. இரண்டும் ஒரே நிலத்தின் குழந்தைகள்; ஒரே இலையில் வந்து சேர்ந்திருக்கின்றன. நிலத்தோடு பொருந்திய உணவைப் பாடியவர் எறிச்சலூரார். ஆனால் அதன் உயர்வைக் கீரையில் வையாமல், அதனை இட்டவன் வந்தவரை அறிந்த அறிவில் வைத்தார். இன்றைய ஐந்து தட்டு விருந்தில் வீட்டுத் தலைவன் பேசுவதெல்லாம் புட்டியின் ஆண்டும் விலையும். விருந்தினர் அவனைப் புகழ வந்தவராக அமர்ந்திருக்கின்றனர். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். புதியராய் வந்தவரே விருந்து, அவர்க்கு இடும் உணவு பின்னரே அப்பெயர் பெற்றது. புட்டியை விருந்தாக்கி வந்தவரைப் பார்வையாளராக்கியது அயல்நாட்டார் குற்றமும் அன்று.

புதுக்கோட்டை மாவட்டத்தில் நண்பர்க்குத் திணைவிருந்து படைக்க விரும்பும் இளைஞர் எவராயினும் அவர்க்குப் பண்டத்திற்குக் குறைவில்லை. நார்த்தாமலை, குடுமியான்மலைப் பாறைகள் முதல் கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் கடற்கரை வரை ஒரு மாவட்டத்திற்குள்ளேயே மலையும் புன்செயும் ஏரிப்பாசன வயலும் கடலும் அடுத்தடுத்து உள்ளன. தேனும் தினைமாவும் முதலில் வரட்டும். அடுத்து வரகுச்சோறும் கீரையும். அதற்குக் குடி மோர். ஏரிமீன் குழம்பும் நெற்சோறும் அதன்பின். பக்கத்தில் கரும்பின்சாறு, இஞ்சி ஒரு துண்டு நசுக்கி இட்டது. கோட்டைப்பட்டினத்து நண்டையோ சுட்ட மீனையோ படைக்கும்போது நுளைமகள் அரித்த தேறலுக்கு மாற்றாகப் பதனீர். இறுதியில் ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பலாச்சுளையும் இளநீரும். உருத்திரங்கண்ணனாரின் பாலும் கரும்பின்சாறும் இளநீரும் மயக்கம் தாராத குடிகளே என்பதால் வள்ளுவர்க்கும் இதில் வருத்தம் இராது. ஒவ்வொன்றும் இலைக்கு வரும்போது அதன் நிலப்பெயரையும் அதனை விளைத்த ஊரையும் தமிழில் ஒருமுறை சொன்னாற் போதும். அச்சிட்ட அட்டை வேண்டுவதில்லை.

பதனீரில் மட்டும் ஒரு கருத்து வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்குவதே பதனீர். சுண்ணாம்பு தப்பினால் அது கள்ளாகிவிடும், சட்டமும் உள்ளே வந்துவிடும். நல்ல பதனீர் விடியலில் மரத்திலிருந்து இறங்குவது. வெயில் ஏற ஏறச் சுவை குன்றும். இரவுவரை வைத்திருப்பதற்கு உரியதன்று. பருவமும் பனியின் கடைசியில் தொடங்கிக் கோடையோடு முடிந்துவிடும். ஆகவே அவ்விருந்தை மாசி, பங்குனி, சித்திரைத் திங்கள்களில், இரவில் அன்றிப் பகலில் வைத்துக்கொள்வதே பொருந்தும். பனையேறிக்கு முன்னாளே சொல்லிவைக்கவேண்டும்.